சின்ன மாப்பிள்ளையின் புகை

சாயப்பட்டறையில் அவரைக் கங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே பாய்லர் ஓட்டுபவர்; இருந்த இரண்டு பாய்லருக்கும் அவர்தான் பொறுப்பு. எப்போதும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருப்பதால் அந்தப் பெயர் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். புகையில் நின்று நின்று கண் சிவந்ததால் என்று அவர் மனைவி சொன்னாள். வீட்டில் அவர் பெரிய மாப்பிள்ளை. அவருடைய மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தபோது பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். நோயாளிகளைப் பராமரிக்க முறையாகப் பயிற்சி எடுத்தவள் நான். திருப்பிப் படுக்கவைப்பதும் துடைப்பதும் ஊட்டுவதும் மருந்து கொடுப்பதும் என் வேலை. ஆனால் அந்த வீட்டில் நோயாளியைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியிருந்தது மாப்பிள்ளையைத்தான். அவருக்கு இருந்தது பொறாமை. அதற்கு மாத்திரை கிடையாது.

லாரியிலிருந்து விறகு இறக்கும் ஆளாகப் பட்டறைக்குள் நுழைந்தவர். அடுப்புக்கு விறகு தள்ளக் கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதி, பாய்லர் ஓட்டும் சான்றிதழ் வாங்கினார். அது கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. இரண்டு பெண்கள் இருந்த வீட்டில் மூத்தவளைக் கட்டி அங்கேயே தங்கினார். வெகுகாலம் அந்த வீட்டுக்கு அவர் ஒருவர்தான் ஆண்பிள்ளை. குழாய் ஒழுகினாலும் அவர், கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்றாலும் அவர். கறி வைத்தால் நல்ல துண்டு அவர் தட்டில் விழும். பட்டறைச் சிம்னியில் கறுப்புப் புகை எழும்பினால் தெருவே, "கங்கு வேலைக்குப் போயாச்சு" என்று சொல்லும். அந்தப் புகை அவருக்கு ஒரு கொடி மாதிரி. புகை வந்தால் வேலை இருக்கிறது, வேலை இருந்தால் சாப்பாடு இருக்கிறது என்றே எல்லாரும் நினைத்த காலம் அது.

பிறகு இளையவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. சின்ன மாப்பிள்ளை படித்தவர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய ஏற்றுமதிக் கம்பெனியில் சுற்றுச்சூழல் பிரிவில் வேலை. சட்டை வெள்ளையாக இருக்கும். சட்டைப்பையில் ஒரு பச்சை இலை தைத்திருக்கும்; அது கம்பெனியின் அடையாளம். நகம் சுத்தமாக இருக்கும். கங்கு முதலில் பொறாமைப்பட்டது சம்பளத்தைப் பார்த்து இல்லை, அந்த நகத்தைப் பார்த்துத்தான். வேலை முடிந்து வந்தால் கிணற்றடியில் உட்கார்ந்து கல்லை வைத்துத் தன் நகங்களைத் தேய்ப்பார். தோல் போனாலும் கரி போகாது.

மாமியாரின் கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாக இரண்டு சிம்னிகளும் தெரியும். இந்தப் பக்கம் பட்டறையுடையது, கறுத்துப்போய், எந்நேரமும் கக்கிக்கொண்டு. அந்தப் பக்கம் கம்பெனியுடையது. அது சும்மா நிற்கும். தங்கள் பாய்லரை நிறுத்திவிட்டதாகச் சொல்லி, சிம்னிக்கு வெள்ளையடித்து, உச்சியிலிருந்து அடிவரை பச்சை இலைகள் வரைந்து வைத்திருந்தார்கள். வாசலில் 'புகையில்லா ஆலை' என்று பலகை. அதன் பக்கத்தில் சின்ன மாப்பிள்ளை கேடயத்தோடு நிற்கும் படமும் பெரிதாக வைக்கப்பட்டிருந்தது. கங்கு வேலைக்குப் போக அந்த வாசலைக் கடக்கத் தேவையில்லை. இருந்தும் அப்படித்தான் சுற்றிக்கொண்டு போவார். புண்ணைச் சொறிந்துகொண்டே இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாமியார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். உடம்பு படுத்துவிட்டதால் நாக்கு இரண்டு மடங்கு நடந்தது.

"நர்ஸம்மா, அந்தச் சிம்னியப் பாருங்க. கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது. இந்தப் பக்கம் பாருங்க. எங்க பெரிய மாப்பிள்ளை பல்லு விளக்காம வாயத் தொறந்த மாதிரி."

"அத்தை, நான் இங்கதான் இருக்கேன்" என்பார் கங்கு, கதவருகில் நின்று.

"தெரியும் மாப்பிள்ளை. வாசனை வந்துச்சு."

அந்தப் புகையின் கரி ஜன்னல் வழியாக வந்து அவள் போர்வையில் படியும். நான் தினமும் உதறுவேன். இதைப் பார்த்த சின்ன மாப்பிள்ளை ஒருநாள் தடித்த நீலத் துணியில் ஒரு திரை தைத்து எடுத்துவந்து ஜன்னலில் மாட்டினார். நல்ல நீலம், துவைத்தாலும் மங்காத ரகம். "எங்க கம்பெனித் துணி அத்தை. ஒரு பொட்டுப் புகை இல்லாமத் தயாரானது" என்றார். மாமியார் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள். பெரிய மாப்பிள்ளையின் புகையைத் தடுக்கச் சின்ன மாப்பிள்ளை தைத்துத்தந்த திரை என்று விளக்கம் வேறு. கங்கு அன்று பாதித் தட்டிலேயே கை கழுவினார். பொறாமை ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று எனக்கு அந்தத் தட்டுதான் சொல்லும்.

"அவருக்கு ரெண்டு பாய்லர்டி. ஒண்ணு பட்டறையில, ஒண்ணு வயித்துல" என்று மாமியார் மூத்த மகளிடம் சொன்னது அடுக்களைவரை கேட்டது.

இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றும் இல்லை. ஒருநாள் கங்கு மத்தியானமே வீட்டுக்கு வந்தார். முகத்தில் ரத்தமில்லை. மனைவியைக் கூப்பிட்டு மாமியார் அறையிலேயே உட்கார்ந்து சொன்னார்.

"பட்டறைக்குச் சோதனை வருதாம். துணி வாங்குற வெளிநாட்டுக்காரங்க, பையருங்க, ஆள் அனுப்புறாங்க. கார்பன் எவ்வளவு விடுறோம்னு பாப்பாங்களாம். ஜாஸ்தியா இருந்தா ஆர்டர் கிடையாது. ஆர்டர் போச்சுன்னா பாய்லர அணைச்சிட வேண்டியதுதான்னு முதலாளி சொல்லிட்டாரு."

"அணைச்சா நீங்க?" என்றாள் மனைவி.

"நானும் அணைஞ்சேன். இந்த வயசுல வேற எங்க போயி நெருப்பு மூட்டுறது?"

"கார்பன்னா என்னங்க?"

"என் நகத்துல இருக்கே, அதுதான்" என்றார் எரிச்சலாக. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதுல இன்னொண்ணும் இருக்கு. பையரோட ஆளுக்கு இடத்தச் சுத்திக் காட்டக் கூட வரப்போறது யாருன்னு நெனைக்கிற? உன் தங்கச்சி புருஷன். அவங்க கம்பெனிக்கும் இதே பையருங்கதானாம்."

வேலை போய்விடும் என்பது ஒரு பயம்தான். ஆனால் சகலை வெள்ளைச் சட்டையோடு வந்து தன் அடுப்பை எட்டிப்பார்ப்பது என்பதுதான் அவர் உயிரை எடுத்தது. அன்றே முடிவு செய்துவிட்டார், தன் சிம்னியில் ஒரு நூல் புகைகூட வரக் கூடாது என்று.

அடுப்பில் புகையைக் குறைக்க ஒரு வழி உண்டு. காற்று வரும் தகட்டை அகலத் திறந்து விசிறியை முழுவேகத்தில் விட்டால், விறகு படபடவென்று எரிந்து புகை காணாமல் போகும். கங்கு அதைத்தான் செய்தார். கட்டைகளைச் சின்னச் சின்னதாகப் பிளக்கச் சொன்னார். தகட்டைக் கடைசிவரை இழுத்துவிட்டார். இரண்டாவது நாளே சிம்னியின் வாய் வெறுமையாக நின்றது. வானம் மட்டும்தான் தெரிந்தது.

மாமியாரே ஏமாந்துபோனாள். "என்னடி, பட்டறைய மூடிட்டாங்களா?"

"இல்ல அத்தை. ஓடுது. நல்லா பாருங்க" என்றார் கங்கு. அந்த வாரம் முழுவதும் தட்டு காலியாகத்தான் திரும்பியது.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. தெருவில் விறகு லாரிகள் முன்னைவிட அதிகமாகப் போய்வந்தன. நோயாளி தூங்கும் நேரத்தில் லாரி போனால் எனக்குத் தெரியாமல் இருக்காது. முன்பெல்லாம் பக்கத்து மேட்டிலிருந்தே விறகு வந்தது. அங்கே மரம் தீர்ந்துவிட்டதால் இப்போது எங்கோ தூரத்திலிருந்து, டீசலைக் குடித்துக்கொண்டு வந்தது.

"மாப்பிள்ளை, புகை கொறஞ்சுது, விறகு ஏறுதே?" என்று கேட்டேன்.

"உங்களுக்குப் படுக்கை தெரியும், எனக்குப் பாய்லர் தெரியும்" என்றார். நான் கஞ்சியை ஆற்றப் போனேன்.

அவர் எதிர்பார்க்காத ஒன்று அந்த நாட்களில் நடந்தது. ஆவியை வீணாக்காதீர்கள் என்று சத்தம் போடுவதற்காகச் சாயத் தொட்டிகள் இருக்கும் பக்கம் போனார். பாய்லர் அறைக்காரர்கள் அங்கே போவதில்லை. அவர்கள் ஆவி அனுப்புவார்கள், அவ்வளவுதான். எந்தத் துணி எங்கிருந்து வருகிறது என்று கேட்டதுமில்லை. தரகர் வழியாக வெள்ளை மூட்டைகளாக வந்து இறங்கும், கலர் ஏறிப் போகும். அன்று ஒரு தொட்டியிலிருந்து துணியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். தடித்த துணி. நல்ல நீலம்.

கங்கு அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். கட்டிலுக்கு அருகே தினமும் பார்க்கிற நீலம்தான்.

"இது எவன் துணிடா?" என்று கேட்டார்.

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கே, இலை போட்ட கம்பெனி. அவங்க பாய்லர நிறுத்தினதுலேர்ந்து சாயமெல்லாம் நம்மகிட்டதான். உனக்குத் தெரியாதா கங்கு? உன் சகலை சொல்லலியா?" என்று சிரித்தார்கள்.

இதை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே பிறகுதான் தெரிந்தது. ஆனால் அன்று வந்தவர் நேராகத் திரைக்கு முன்னால் போய் நின்று, துணியின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பத்தியத்தில் இருப்பவன் திருட்டுத்தனமாக எதையோ தின்றுவிட்டுச் சிரிப்பது போல இருந்தது.

சோதனை நாளன்று காலையில் திரையைக் கழற்றி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

"கண்ணு கூசுது மாப்பிள்ளை, அத எங்க கொண்டு போறீங்க?" என்றாள் மாமியார்.

"தொவைக்கப் போறேன் அத்தை. எல்லார் முன்னாடியும்."

பட்டறையில் நடந்ததை மூத்த மகள் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்திருக்கிறாள். இரண்டு மாப்பிள்ளைகளும் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மூன்றும் ஒத்துப்போகிற இடங்களை எழுதுகிறேன்; மற்றதை யார் சொன்னது என்று சொல்லிவிடுகிறேன்.

பையர் அனுப்பியது ஒரு பெண்ணை. வயது குறைவு, பேச்சும் குறைவு. சின்ன மாப்பிள்ளை கூடவே வந்தார். கங்கு பாய்லர் அறை வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்று, "மேல பாருங்கம்மா. ஒரு பொட்டுப் புகை இருக்கா?" என்றார். அந்தப் பெண் மேலே பார்க்கவேயில்லை. விறகுக் கிடங்கைப் பார்த்தாள். எடை மேடையைப் பார்த்தாள். சிம்னியின் அடிப்பக்கத்தில் ஒரு கம்பியைச் செருகி, போகிற காற்று எவ்வளவு சுடுகிறது என்று பார்த்தாள்.

"ஏன் இப்படித் தொறந்து வெச்சிருக்கீங்க?" என்று காற்றுத் தகட்டைக் காட்டிக் கேட்டாள்.

"புகை வரக் கூடாதுன்னுதாம்மா."

"புகை வரலை. சூடு பூரா மேல போகுது. அந்தச் சூட்ட ஈடுகட்ட இன்னும் விறகு போடுறீங்க. அதே துணிக்கு முன்னவிட ஜாஸ்தி விறகு எரிச்சிருக்கீங்க. கார்பன் கண்ணுக்குத் தெரியாதுங்க. நீங்க தெரியுறத மட்டும் தொடைச்சிருக்கீங்க."

கங்குவுக்குக் காது அடைத்துவிட்டது. சகலைக்கு முன்னால் இப்படி. சின்ன மாப்பிள்ளை மெதுவாக, "சகலை, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றாராம். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னதாக என்னிடம் சாதித்தார். இருக்கலாம். ஆனால் எரிகிற அடுப்பில் விசிறியை வைத்ததுபோல் ஆகிவிட்டது அது.

அந்தப் பெண் முதலாளியிடம் திரும்பினாள். இந்தப் பட்டறைக்குத் துணி கொடுப்பது சிரமம், கடல் தாண்டி வேறு ஊரில் விலை குறைவாகச் சாயம் போட ஆள் இருக்கிறது, தரகர் அங்கே அனுப்பிக்கொள்வார் என்றாள்.

அப்போதுதான் கங்கு அக்குளிலிருந்து திரையை எடுத்து உதறினார்.

"இந்தத் துணி எங்க சாயம் போட்டதுன்னு அவரக் கேளுங்கம்மா."

பிறகு சகலையின் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க சகலை. எங்க மாமியார் ஜன்னல்ல, என் புகைய மறைக்க நீங்க மாட்டின துணி. ஒரு பொட்டுப் புகை இல்லாமத் தயாரானதுன்னு சொன்னீங்களே. எந்த அடுப்புல வெந்துச்சு?"

சின்ன மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை முதுகில் நனைந்திருந்ததாக மூத்த மகள் சொன்னாள். அவர் பொய் சொல்லியிருக்கலாம். தரகரைக் கைகாட்டித் தப்பித்திருக்கலாம். அவரைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதத்தான் வேண்டும்: அவர் பொய் சொல்லவில்லை.

"எங்க துணிதான்" என்றார். "எங்க பாய்லர நிறுத்திட்டு வேலைய இங்க அனுப்புறோம். வாசல் பலகையில இந்தப் புகை வராது. கடல் தாண்டி அனுப்பினா அங்க நிலக்கரி எரிப்பாங்க. அதுவும் வராது. துணி கப்பல்ல போயி கப்பல்ல வரும். எங்க வாசல் இன்னும் சுத்தமா இருக்கும்."

அன்று சாயங்காலம் இருவரும் மாமியார் அறையில் வந்து நின்றார்கள். மூத்தவள் முகம் கோணியிருந்தது, இளையவள் அழுதுகொண்டிருந்தாள். நான் மாமியாருக்கு முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

"அவர் மானத்த வாங்கிட்டீங்களே மாமா. கம்பெனியில என்ன சொல்லுவாங்க?" என்றாள் இளையவள் அக்கா புருஷனிடம்.

"என் மானம் போனப்ப எல்லாரும் திரை போட்டுத் தூங்கினீங்க" என்றார் கங்கு.

மாமியார் குப்புறப் படுத்தபடியே கேட்டாள். "எனக்கு வெளங்குற மாதிரி ஒருத்தர் சொல்லுங்க. சின்ன மாப்பிள்ளை, உங்க வீட்டுக் குப்பைய அவர் வாசல்ல கொட்டிட்டு, உங்க வாசல் சுத்தம்னு கேடயம் வாங்கினீங்களா?"

"கொட்டச் சொன்னது கம்பெனி அத்தை."

"கேடயத்தப் புடிச்சது யாரு?"

அவர் தலையைக் குனிந்தார். கங்குவின் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு மாமியார் தலையைத் திருப்பினாள். "நீங்க என்ன இளிக்கிறீங்க? அவர் மேல இருந்த காய்ச்சல்ல வண்டி வண்டியா மரத்தக் கொளுத்தியிருக்கீங்க. இனி ஊருக்கு நெழல் தர்றது யாரு, உங்க சகலையா?"

கங்கு மடித்த திரையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். 

முடிவு வர இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் பையர் தரப்பில் பட்டறையையும் கம்பெனியையும் சேர்த்து ஒன்றாகவே பார்ப்பது என்றார்கள். யார் அடுப்பில் எரிந்தாலும் அந்தக் கார்பன் கணக்கு துணிக்குரியவர் தலையில்தான் என்று ஆனது. கம்பெனி வாசலிலிருந்து பலகையைக் கழற்றினார்கள், கூடவே படத்தையும். சாயம் கடல் தாண்டவில்லை. தாண்டி இனிமேல் லாபமில்லை.

பட்டறையில் இருந்த இரண்டு பாய்லரில் ஒன்று நின்றது. அதை ஓட்டியவர் வேறு பிரிவுக்குப் போனார். நெருப்பைவிட்டுப் போனதில் அவருக்கு வருத்தம், அவர் மனைவிக்குச் சந்தோஷம். மற்றது கங்குவிடம் தங்கியது. ஆவிக் குழாய்களுக்கெல்லாம் சூடு தங்கும் பஞ்சு சுற்றினார்கள். தொட்டிகளைச் சுற்றிவந்து சாக்கடைக்குப் போன சுடுநீரைத் திருப்பிப் பாய்லருக்கே கொண்டுவந்தார்கள். காற்றுத் தகட்டைப் பாதியில் நிறுத்தினார் கங்கு. இப்போது சிம்னியில் லேசான சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய புகை வரும். கறுப்பும் தப்பு, வெறும் வானமும் தப்பு, அந்தச் சாம்பல்தான் சரி என்று வருகிறவர்களிடமெல்லாம் தானே கண்டுபிடித்ததுபோல் சொல்வார். விறகு லாரி குறைந்தது. நோயாளி மத்தியானம் தூங்கினாள். எனக்கு அது போதும்.

இந்த வேலைகளைப் பார்க்கச் சின்ன மாப்பிள்ளையைக் கம்பெனி பட்டறையிலேயே உட்காரவைத்துவிட்டது. தினமும் பாய்லர் அறையில்தான் இருப்பார். முதல் சில நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு வேலை பேசவைத்தது. சகலை குழாயில் கை சுட்டுக்கொண்டு துள்ளியதைக் கங்கு எங்கள் எல்லாருக்கும் நடித்துக் காட்டினார். அன்று தட்டில் ஒரு பருக்கை இல்லை. தேறிவிட்டார் என்றே நினைத்தேன்.

ஒருநாள் சாயங்காலம் இருவரும் ஒன்றாக வீட்டுக்கு வந்தார்கள். ஜன்னலில் நீலத் திரை மறுபடியும் தொங்கியது, கங்குதான் மாட்டியிருந்தார். சின்ன மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து பைவரை கரி. பச்சை இலை கறுப்பு இலையாகியிருந்தது. நகமெல்லாம் கறுத்திருந்தது. கங்கு அதை மாமியார் பார்க்க வேண்டும் என்றே அவரை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார்.

மாமியார் பார்த்தாள். இப்போது சாய்ந்து உட்காரும் அளவுக்கு ஆகியிருந்தாள். கையை நீட்டி அந்தச் சட்டையைத் தொட்டாள்.

"ஐயோ பாவம், எப்படி ஒழைக்கிறாரு பாருங்க நர்ஸம்மா! சட்டையெல்லாம் கரி. ஏண்டி, சின்ன மாப்பிள்ளைக்கு வெந்நீர் வெச்சுக் குடு. சாப்பாட்ட முதல்ல அவருக்குப் போடு."

கதவருகில் நின்ற கங்கு தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். அதிலும் கரி இருந்தது. இத்தனை வருடமாக இருந்தது.

"கிணத்தடியில கல்லு இருக்கு சகலை. நல்லாத் தேய்ங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அன்று அவருடைய தட்டில் பாதி மிச்சம்.